ஆன்டெனா பார்க்கும் திசை

கிணற்று மோட்டாரைச் செல்போனிலேயே ஓட்டும் ஸ்டார்ட்டர் வாங்கியும், சிக்னல் இல்லாததால் சிறு விவசாயிகள் பலர் பாம்புக்குப் பயந்தபடி இரவில் வரப்பில் நடக்கிறார்கள். உயரக் கம்பம் நட்டால் மட்டும் போதாது. யாகி ஆன்டெனாவில் குட்டைக் கம்பி உள்ள முனையே டவரைப் பார்க்க வேண்டும். மாறிப் பொருத்தினால் செலவு வீண். சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சிக்னல் அளவைப் பார்ப்பது அவசியம். மைனஸ் 95-ஐவிட மைனஸ் 75 நல்லது. மெல்லிய கேபிள் 10 மீட்டர் நீண்டால், மண் வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல், பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். பொருத்துபவர் மோட்டாரை இரண்டு மூன்று முறை ஓட்டி நிறுத்திக் காட்டிய பிறகு கூலி கொடுப்பதே நியாயம். கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியில் படாத இடமாகப் பார்க்க வேண்டும். எர்த் இல்லாமல் நிறுத்தவே கூடாது.