பதிவேடு யார் கையில்?

மாத முடிவில் நமது கிளைக் காரியாலயங்களில் நடப்பது ஒரே மாதிரியான வேலைதான்: சந்தாவுக்குப் பற்றுச்சீட்டு, அங்கத்தவர் பட்டியல், சேமலாப நிதி பற்றிய கடிதம், கூட்ட அறிவித்தல். இவற்றைத் தானாகவே செய்துமுடிக்கும் செயலிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. நாம் அவற்றுக்கு எதிரானவர்கள் அல்ல. ஒரே பெயரைப் பத்துத் தாளில் எழுதும் நேரத்தில் பத்து வீடுகளுக்குப் போய்க் குறை கேட்கலாம். ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.

2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பு கணினிக் கொள்ளையரின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்துபோயின. அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. பயன்படுத்திய மென்பொருளும் பழையது. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், ஒரு கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் வைத்திருக்கும் கிளையின் கதி என்ன?

ஆவணம் தொலைவது என்றால் என்னவென்று வன்னி மக்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களும், 2009 இல் இருந்ததையும் இழந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் சேமலாப நிதிப் பணத்துக்கும் அவர்கள் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமல்ல.

தொலைவது ஒன்று, பிறர் கைக்குப் போவது இன்னொன்று. அடையாள அட்டை இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பிறந்த நாளும், ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். அதோடு சங்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலும் சேர்ந்து நிர்வாகத்தின் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் தொழிற்சங்க அங்கத்துவத்தையே விசேட பாதுகாப்புக்குரிய தகவலாக வைத்திருப்பது சும்மா இல்லை. இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திராமல் நாமே கவனமாக இருப்போம்.

இயந்திரம் சொல்வதெல்லாம் சரி என்று நம்புவதும் ஆபத்து. பிரித்தானிய அஞ்சல் நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணினி முறை பணம் குறைவதாகப் பிழையாகக் காட்டியது. அதை நம்பி 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அவர்களை விடுவிக்க 2024 இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. நமது சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்ததே சேமலாப நிதி. அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் நிதிப் பதிவில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் அந்தப் பணத்தை எடுப்பது பெரும்பாடு. செயலியில் ஒருமுறை பிழையாகப் பதிந்தால் அதே பிழை ஒவ்வொரு படிவத்திலும் ஏறிவிடும்.

ஆகவே எந்தச் செயலியைத் தெரிவு செய்தாலும் கிளைகள் இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது நமது நிலைப்பாடு:

பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கலாம் என்பது தெளிவாகத் தெரியாத செயலி வேண்டாம், அது இலவசமானாலும் சரி. வேண்டாம் என்று விடும்போது நமது பட்டியலை முழுமையாக வெளியே எடுக்க முடிய வேண்டும். கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். பொறுப்பாளர் மாறும்போது கடவுச்சொல்லும் மாற வேண்டும். கடவுச்சொல்லுக்கு மேலாக இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். அடையாள அட்டைப் படங்களை வட்ஸ்அப் குழுக்களில் போடக் கூடாது. மாதம் ஒருமுறை தனி வட்டில் பிரதி எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். காகிதப் பதிவேடும் தொடர வேண்டும். கூட்ட அறிவித்தலையும் பற்றுச்சீட்டையும் செயலி அனுப்பட்டும். முறைப்பாட்டுக் கடிதத்தையும் சேமலாப நிதிப் படிவத்தையும் உரிய தொழிலாளிக்கு வாசித்துக் காட்டிய பின்பே அனுப்ப வேண்டும்.

தோழர்களே, காரியாலயத்துக்கு வரும்போது உங்கள் பெயர் எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பதிவேடு உங்களுடையது. அதைக் காட்டுவது நமது கடமை.