இரண்டாம் வகை நிபந்தனை வாக்கியம்: சூத்திரம் மட்டும் போதுமா?



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் உங்களிடம் ஆங்கிலத்தில் இரண்டாம் வகை நிபந்தனை வாக்கியம் என்றால் என்னவென்று வினவினால், "இஃப் உடன் இறந்தகால வினை, மறுபாதியில் வுட் உடன் வினையடி" என உடனே ஒப்புவிப்பீர்கள். ஆனால் கட்டுரையில் அதனை எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாது என்று கேட்டால் பலர் தடுமாறுகிறீர்கள். சூத்திரத்தை மனனம் செய்வதைவிட அதன் பொருளை விளங்கிக்கொள்வதே முக்கியம் என்பது எமது கருத்தாகும்.

மாத்தளை மாவட்டத்து மாணவர்களுக்கு ஓர் உதாரணம். கண்டியிலிருந்து வரும் புகையிரதப் பாதை மாத்தளை நகருடன் முடிவடைகிறது. தம்புள்ளைக்குப் புகையிரதம் இல்லை. இதனை மனதில் வைத்து, "தம்புள்ளைக்குப் புகையிரதம் போனால் நான் அதில் போவேன்" என்கிறீர்கள். ஆங்கிலத்தில் இது, "இஃப் த ட்ரெயின் வென்ட் டு தம்புள்ளை, ஐ வுட் கோ பை ட்ரெயின்" என வரும். "வென்ட்" என்பது இறந்தகால வடிவம். எனினும் அது நேற்று நடந்ததைக் கூறவில்லை. இன்று இல்லாத ஒன்றையே கூறுகிறது.

இறந்தகாலம் இங்கே எதற்கு என்று மலைக்க வேண்டாம். எமது தமிழிலும் அப்படித்தான். "வந்தால்", "ஓடினால்" என்னும் சொற்களைப் பாருங்கள். "வந்தான்", "ஓடினான்" என்பவற்றில் உள்ள அதே இறந்தகால உறுப்பு அவற்றிலும் உண்டு. ஆயினும் "நாளை வந்தால்" என்று தயங்காமல் பேசுகிறோம் அல்லவா?

வேறுபாடு ஒன்றுதான். "மழை பெய்தால்", "நான் பறவையாக இருந்தால்" என இரண்டுக்கும் தமிழில் "ஆல்" என்ற ஒரே விகுதி போதும். ஆங்கிலமோ இரண்டையும் பிரித்துக் காட்டும்.

நடக்கக்கூடியது: இஃப் இட் ரெய்ன்ஸ், வி வில் ஸ்டே அட் ஹோம்.

வெறும் கற்பனை: இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை ஓவர் த நக்கிள்ஸ் மவுன்டன்ஸ்.

ஆகவே பேனாவை எடுக்குமுன், "இது நடக்கக்கூடியதா, கற்பனையா?" என்று உங்களையே கேளுங்கள். விடை கிடைத்தால் வடிவமும் கிடைத்துவிடும். இரண்டு தவறுகளை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். "இஃப்" வரும் பாதியில் "வுட்" எழுதாதீர்கள். "ஐ" உடன் பேச்சில் "வாஸ்" வருவதுண்டு. பரீட்சையில் "வேர்" என எழுதுவதே பாதுகாப்பானது.

இனி, புள்ளிகளைவிடப் பெரிய விடயம் ஒன்று. "எனது எதிர்கால இலட்சியம்" என்று கட்டுரை எழுதும்போது சிலர், "இஃப் ஐ பாஸ்ட் த எக்ஸாம், ஐ வுட் ஸ்டடி சயன்ஸ்" என எழுதுகின்றனர். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வாசிப்பவருக்கு அது, "நான் சித்தியடைவது சந்தேகமே" என்று ஒலிக்கும். நீங்கள் அதையா சொல்ல விரும்பினீர்கள்? "இஃப் ஐ பாஸ் த எக்ஸாம், ஐ வில் ஸ்டடி சயன்ஸ்" என்று எழுதுங்கள். அதில் நம்பிக்கை இருக்கிறது.

தோட்டத்திலிருந்து நெடுந்தூரம் நடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கும், நகரத்தில் வசதியுடன் படிக்கும் பிள்ளைக்கும் இந்தத் தெரிவு ஒன்றுதான். இலக்கணத்தை அறியாமல் தன் எதிர்காலத்தைத் தானே சந்தேகத்துக்குள் தள்ளுவது எவருக்கும் நேரக்கூடாது.

இன்றே பயிற்சியைத் தொடங்குங்கள். உங்கள் ஊரில் இல்லாத ஐந்து விடயங்களை இரண்டாம் வகையில் எழுதுங்கள். நீங்கள் செய்யப்போகும் ஐந்து விடயங்களை முதலாம் வகையில் எழுதுங்கள். பறவையாவது இரண்டாம் வகையில் இருக்கட்டும். உயர் தரத்துக்குச் செல்வது முதலாம் வகையிலேயே இருக்கட்டும்.