படுக்கை விரிக்கிற கை படுக்கக் கூடாதா?

ராத்திரிக்கு எழுநூறு ரூபாய். எட்டுப் பேர் படுக்கிற அறையில் அடுக்குக் கட்டில் ஒன்று. விடிந்ததும் பலகையோடு கடலில் இறங்கி அலைச்சறுக்குப் பழகலாம். பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு வார விடுமுறை என்றால் இப்போது இதுதான். என் தங்கையும் அவளோடு வேலை செய்கிற மூன்று பேரும் கோவளம் பக்கத்தில் இப்படியொரு விடுதியில் முன்பணம் கட்டி என்னையும் கூப்பிட்டார்கள். கடலிலிருந்து ஆறு கிலோமீட்டரில் பிறந்த நான் இந்த முப்பத்து நாலு வயசு வரைக்கும் கடலோரத்தில் ஒரு ராத்திரி படுத்ததில்லை. போனேன்.

மேசையிலிருந்த பையன் ஆதாரைப் பார்த்தான். அடையாறு, வேளச்சேரி, மதுரை மூன்றும் சரி. எங்கள் ரெண்டு பேருடையதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீங்க லோக்கலா மேடம்? லோக்கல் ஐடிக்கு இடம் கெடையாது. பாலிசி." சிரித்த முகத்தோடுதான் சொன்னான். பணத்தையும் திருப்பிக் கொடுத்தான். கூட வந்த மூவரும் பையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வெளியே வந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

"இதில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்பீர்கள். உள்ளூர் ஆட்கள் குடித்துவிட்டுத் தகராறு செய்கிறார்கள், பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்பீர்கள். நாங்கள் ரெண்டு பேரும் பெண்கள்தானே? எங்களிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு? தவிர, எங்கள் சின்னம்மா தினமும் காலை ஏழு மணிக்கு இதே மாதிரி ஒரு விடுதிக்குள் போகிறாள். கக்கூசு கழுவுகிறாள், போர்வை துவைக்கிறாள், படுக்கை விரிக்கிறாள். வேலைக்குச் சேரும்போது அவள் கொடுத்ததும் இதே சேரி முகவரி போட்ட ஆதார்தான். படுக்கை விரிக்கச் செல்லுபடியாகிற முகவரி படுக்க மட்டும் ஏன் செல்லுபடியாகாது?

1917இல் பரோடாவில் அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. கொலம்பியாவில் படித்து வந்தவர், பார்சிப் பெயரைச் சொல்லித்தான் பார்சி விடுதியில் தங்க முடிந்தது. பதினோராம் நாள் தடியோடு வந்து விரட்டினார்கள். இன்று தடி இல்லை, பாலிசி இருக்கிறது. அன்று பெயரைக் கேட்டார்கள், இன்று அஞ்சல் குறியீட்டைப் பார்க்கிறார்கள்.

அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதி, பொழுதுபோக்கிடம் எதிலும் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது. பிறப்பிடம் வேறு, வசிப்பிடம் வேறு என்று வக்கீல் வாதாடலாம். சேரியில் ரெண்டும் ஒண்ணுதான். அந்த முகவரியை நாங்களா தேர்ந்தெடுத்தோம்? 'காலனி' என்கிற சொல் வசையாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் சொல் எங்கள் அட்டையில் இன்னும் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் எங்கும் இருக்கிறார்கள்.

கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடி கிடைத்தது. கரை சுத்தம் என்பதற்கான சான்று அது. அந்தச் சுத்தம் யாருடைய முதுகில் ஏறி வருகிறது? கழிவுத்தொட்டி நிரம்பினால் யாருக்குப் போன் போகிறது? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. போன் மட்டும் இன்னமும் நம்ம தெருவுக்குத்தான் வருது.

குப்பத்துச் சகோதரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் பலகையேறி நாட்டளவில் பட்டம் வாங்குவதில் எங்களுக்கும் மகிழ்ச்சி. உங்கள் கரையை விடுதிக்காரன் வளைத்தால் உங்களோடு வந்து நிற்போம். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதையும், படகும் வலையும் இல்லாதவன் இழப்பு இழப்பாகவே எண்ணப்படாததையும் நாங்கள் மறக்கவில்லை. கடல் எல்லோருக்கும் அம்மா என்கிறீர்கள். அப்படியானால் எங்களுக்கு மட்டும் ஏன் சித்தி?

நம் தோழர்கள் சிலருக்கும் இது பிடிக்காது. "சோத்துக்கே வழியக் காணோம், அலைச்சறுக்கு கேக்குதா?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். தோழரே, 1927இல் மகாடில் சவுதார் குளத்தில் இறங்கியவர்கள் தாகத்துக்காகவா இறங்கினார்கள்? எல்லோரையும் போல நாங்களும் மனுசர் என்று நாட்டத்தானே இறங்கினார்கள். வாரம் ஆறு நாள் உழைக்கிறவளுக்கு ஏழாம் நாள் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு சேரித் திண்ணையில்தான் என்று யார் எழுதி வைத்தது? போராட்டம் மட்டும் நமக்கு, விளையாட்டெல்லாம் அவர்களுக்கு என்று பங்கு பிரித்தது எவன்?

அந்த விடுதிக்கு எழுத்தில் கேட்டிருக்கிறேன்: "உள்ளூர் என்பது எத்தனை கிலோமீட்டர்? அந்த விதியை வாசலில் பலகையாக எழுதி மாட்டத் தயாரா?" இன்னும் பதில் வரவில்லை. அடுத்த மாசம் மறுபடி போகிறோம். இந்த முறை சின்னம்மாவும் வருகிறாள். நீச்சல் தெரியாது அவளுக்கு. "தண்ணில எறங்கணும்னு இல்லடி, அந்தக் கட்டில்ல ஒரு நாள் படுத்துப் பாக்கணும்" என்கிறாள்.