ஜெனிஸிஸும் ஒரு கல்யாணக் கச்சேரியும்

ரெண்டு வாரமா ஆபீஸில் ஆணி ஜாஸ்தி. முகப்பேர் மேற்கிலிருந்து போரூர் போய் வருவதிலேயே தினம் ரெண்டு மணி நேரம் காலி. மதுரவாயல் சிக்னல் பக்கம் கேப் நின்றுவிட்டால் ஹெட்போன்தான் கதி. அந்த நேரத்தை வைத்து, எட்டு வருஷமாக நான் கேவலமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை இப்போதுதான் ஒழுங்காகக் கேட்டு முடித்தேன். ஜெனிஸிஸ் குழுவின் 80களுக்கு அப்புறம் வந்த பாட்டுகள். கேட்டு முடித்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதான் இது.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. (தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.) ஜெனிஸிஸ் இங்கிலாந்துக்காரர்கள். 70களில் ப்ராக்ரஸிவ் ராக் என்றால் முதல் நாலு பெயரில் இவர்கள் பெயர் இருக்கும். பாடகர் பீட்டர் கேப்ரியல் நரித்தலை மாட்டிக்கொண்டு, பூ வேஷம் போட்டுக்கொண்டு மேடையில் கதை சொல்வார். 1972ல் வந்த 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தில் 'சப்பர்ஸ் ரெடி' என்ற ஒரே பாட்டு கிட்டத்தட்ட 23 நிமிஷம். நம்மூர் கணக்கில் அஞ்சு பாட்டு வந்துவிடும். 1975ல் கேப்ரியல் விலகினார். 1977ல் கிடாரிஸ்ட் ஸ்டீவ் ஹாக்கெட் விலகினார். மிச்சம் மூணு பேர்: கீபோர்டில் டோனி பாங்க்ஸ், கிடார் மற்றும் பேஸில் மைக் ரதர்ஃபோர்ட், டிரம்ஸிலிருந்து எழுந்து வந்து பாட ஆரம்பித்த ஃபில் காலின்ஸ். அதற்கப்புறம் பாட்டு சுருங்கியது, காசு கொட்டியது. 1986ல் வந்த 'இன்விசிபிள் டச்' ஆல்பத்திலிருந்து மட்டும் அஞ்சு பாட்டு அமெரிக்காவில் முதல் அஞ்சு இடத்துக்குள் போனது.

ப்ராக் ரசிகர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் அடுத்த வரி தயாராக இருக்கும்: "வித்துட்டாங்க பாஸ்." நானும் அதே கோஷ்டிதான். காலேஜில் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தோம். நான் கீபோர்ட். 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பாட்டின் ஆரம்ப பியானோவை ஆறு மாசம் தேய்த்து, முக்கால்வாசி தப்போடு வாசிப்பேன். ஆனால் வாய்க்கு மட்டும் குறைச்சல் கிடையாது.

எங்கள் டிரம்மர் ஆவடிப் பையன். மூணாவது வருஷம் கல்ச்சுரல்ஸுக்கு 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' பண்ணலாம், கூடவே ஒரு ராஜா பாட்டும் பண்ணலாம், ஜனங்க ரசிப்பாங்க என்றான். நான், "கல்யாண ஆர்கெஸ்ட்ராவுக்குப் போய் வாசிடா, இங்க எதுக்கு வர்ற?" என்று எல்லார் முன்னாடியும் கேட்டேன். அவன் ஒண்ணும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பிராக்டிஸுக்கு வரவில்லை, அதுக்கடுத்த வாரமும் வரவில்லை. பேண்ட் அத்தோடு முடிந்தது. "மியூசிக்கல் டிஃபரன்ஸஸ்" என்று ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது அந்த 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' பாட்டுக்கே வருவோம். 1980ல் 'டியூக்' ஆல்பத்தில் வந்தது, இங்கிலாந்தில் எட்டாவது இடம் வரை போன ரேடியோ ஹிட். ரோட்டில் போகிறவன் தலையாட்டுகிற மாதிரி பாட்டு. ஆனால் தாளம் பதிமூணு! ஆறும் ஏழும் மாறி மாறி. தகிட தகிட, தகிட தகதிமி என்று தொடையில் தட்டிப் பாருங்கள், உட்காரும். இதுக்கு டான்ஸ் ஆடப் போனவர்கள் கால் இடறித்தான் நின்றிருப்பார்கள். பதிமூணு அட்சரத்தில் பாட்டு போட்டு, அதை யாருமே கவனிக்காத மாதிரி மறைத்து, ரேடியோவில் ஓடவிட்டது "வித்துட்ட" வேலையா? 23 நிமிஷப் பாட்டில் தாளம் மாறினால் "ஆஹா, இப்போ மாறுது பார்" என்று நமக்கே தெரியும். அது சுலபம் என்று சொல்லவில்லை. ஆனால் நாலு நிமிஷத்துக்குள் கஷ்டமான ஒன்றைச் செய்து, கேட்கிறவனுக்குக் கஷ்டம் தெரியாமல் பார்த்துக்கொள்வது வேறு வகை உழைப்பு. நம் தொழிலிலும் அப்படித்தானே? உள்ளே எவ்வளவு சிக்கல் இருந்தாலும் யூசருக்கு ஒரே ஒரு பட்டன்தான் தெரிய வேண்டும். பட்டன் ஒண்ணுதான் இருக்கு என்பதற்காக உள்ளே ஒண்ணுமே இல்லை என்று சொல்வது மேனேஜர் புத்தி :)

'டியூக்' பற்றி இன்னொரு விஷயம். அதில் உள்ள ஆறு பாட்டு முதலில் அரை மணி நேரம் ஓடும் ஒரே நீளக் கோவையாகத்தான் யோசிக்கப்பட்டது. 'சப்பர்ஸ் ரெடி'யோடு ஒப்பிடுவார்கள் என்று உடைத்துத் தனித்தனியாகப் போட்டுவிட்டார்கள். அப்படி உடைந்த துண்டுகளில் ஒன்றுதான் இந்த ரேடியோ ஹிட். இன்னொன்று 'டச்சஸ்'. ஒரு பாடகி மேலே போய், ஜனங்களின் கைத்தட்டலில் மிதந்து, கடைசியில் யாரும் கண்டுகொள்ளாமல் போவதைப் பற்றிய பாட்டு. இவர்கள் முதன்முதலாக டிரம் மெஷின் பயன்படுத்தியதும் அதில்தான். வணிகம் என்றால் என்ன, ஜனங்கள் என்றால் யார் என்று இவர்களுக்குத் தெரியாமல் ஒன்றும் இல்லை. தெரிந்தேதான் இறங்கினார்கள்.

"எல்லாம் ஃபில் காலின்ஸ் பண்ண வேலை" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இது சுத்தப் பொய். அவர் 1970லிருந்தே குழுவில் இருக்கிறவர். நாம் உருகுகிற பழைய ஆல்பங்களில் எல்லாம் டிரம்ஸ் அவர்தான். கேப்ரியல் போனபிறகு 1976ல் வந்த ரெண்டு ஆல்பமும் அக்மார்க் ப்ராக், பாடியது காலின்ஸ். அந்த வருஷங்களில் அவர் பக்கத்திலேயே 'பிராண்ட் எக்ஸ்' என்று ஒரு ஜாஸ் ஃப்யூஷன் குழுவிலும் வாசித்துக்கொண்டிருந்தார். 1978ல் இவர்களை முதன்முதலாக டாப் டென்னுக்குக் கொண்டுபோன 'ஃபாலோ யூ ஃபாலோ மீ' காதல் பாட்டு இருக்கிறதே, அதன் வரிகளை எழுதியது ரதர்ஃபோர்ட். பழி மட்டும் பாடினவன் தலையில்.

இதைவிட ஒரு வேடிக்கை. 1986 ஜூலையில் 'இன்விசிபிள் டச்' அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. அதைக் கீழே தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்த பாட்டு எது தெரியுமா? 'ஸ்லெட்ஜ்ஹாம்மர்'. பாடியவர் பீட்டர் கேப்ரியல்! கலைக்காக வெளியே போனதாக நாம் கும்பிடுகிற அதே ஆள். அவர் ஹிட் கொடுத்தால் மேதை, இவர்கள் கொடுத்தால் வியாபாரி. இது எந்த ஊர் நியாயம்?

எல்லாமே ஒசத்தி என்று நான் ஜல்லியடிக்கப் போவதில்லை. 1983ல் வந்த 'இல்லீகல் ஏலியன்' பாட்டில் மெக்ஸிகோக்காரர் மாதிரி குரலை மாற்றிப் பாடியிருப்பார்கள். அன்றைக்கே அது தமாஷாக இருந்திருக்காது, இன்றைக்குக் கேட்கவே கூசுகிறது. 1991ல் வந்த 'ஹோல்ட் ஆன் மை ஹார்ட்' எனக்குத் தூக்க மாத்திரை. ஆனால் 'இல்லீகல் ஏலியன்' இருக்கிற அதே ஆல்பத்தில்தான் 'மாமா' இருக்கிறது. (நம்ம மாமா இல்லீங்க, இங்கிலீஷ் மாமா.) டிரம் மெஷினை கிடார் ஆம்ப்ளிஃபையர் வழியாக விட்டு, ஏதோ பாழடைந்த ஃபேக்டரியில் இரும்பு அடிக்கிற மாதிரி சத்தம். நடுவில் காலின்ஸ் சிரிக்கிற ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், ராத்திரி தனியாகக் கேட்காதீர்கள். இத்தனை இருட்டான பாட்டு இங்கிலாந்தில் நாலாவது இடம். 'இன்விசிபிள் டச்' ஆல்பத்திலேயே 'டாமினோ' பத்து நிமிஷத்துக்கு மேல். 1991ல் 'டிரைவிங் தி லாஸ்ட் ஸ்பைக்', ரயில் பாதை போட்டுச் செத்துப்போன கூலித் தொழிலாளிகளின் கதை, அதுவும் பத்து நிமிஷம். ஹிட் பாட்டுக்கு வாங்கின ஆல்பத்தில் இதையும் சேர்த்து வீட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள். இதைக் கேட்ட எத்தனை பேர் அப்படியே பின்னோக்கி 'ஃபாக்ஸ்ட்ராட்' வரை நடந்து போயிருப்பார்கள்!

'அமெரிக்கன் சைக்கோ' நாவலும் படமும் வேறு இந்த விஷயத்தில் கெடுதல் பண்ணிவிட்டன. அதில் வருகிற கொலைகாரன் பிந்தைய ஜெனிஸிஸைத்தான் புகழ்ந்து தள்ளுவான். அதிலிருந்து இந்தப் பாட்டுகளைப் பிடிக்கும் என்று வெளியே சொல்வதே ஒரு ஜோக் ஆகிவிட்டது.

வெள்ளைக்கார விமர்சகன் இதைப் புரிந்துகொள்ளாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தமிழ்க் காது வைத்துக்கொண்டு நான் எப்படிப் புரிந்துகொள்ளாமல் போனேன் என்பதுதான் கேள்வி. அதே 1986ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இளையராஜா அந்த வருஷம் 'ஹவ் டு நேம் இட்' போட்டார், தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். அதே வருஷம் 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்'. இதில் எது கலை, எது வியாபாரம்? 'மௌன ராகம்' போட்டு ராஜா வித்துட்டார் என்று நம்மில் யாராவது சொன்னோமா? சொன்னால் டீக்கடையில் அடி விழும். நமக்கு ஃப்யூகும் கவுண்டர்பாயிண்டும் வந்து சேர்ந்ததே சினிமாப் பாட்டின் இடையிசையில்தான். ஹீரோ மரத்தைச் சுற்றுகிற அந்த முப்பது வினாடிக்குள் வயலின்கள் ஒன்றையொன்று துரத்தும். டிக்கெட் வாங்கினவனுக்கு அதன் பெயர் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வணிகத்துக்குள் வைத்துத்தான் நமக்கு நல்லதே கிடைத்தது. அந்தப் பாலைக் குடித்து வளர்ந்துவிட்டு, இங்கிலீஷ் பாட்டு என்றதும் மட்டும் நீளமாக இருந்தால்தான் ஒசத்தி என்று நான் பேசியிருக்கிறேன்.

போன மாசம் அம்பத்தூரில் ஒரு ஆபீஸ் நண்பன் ரிசப்ஷன். மெல்லிசைக் கச்சேரி. வழக்கம்போல பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காத வால்யூம். சாப்பிட்டுக் கிளம்பலாம் என்று மேடைப் பக்கம் திரும்பினால், ரிதம் பேட் முன்னாடி நம்ம ஆவடிக்காரன்! ராஜா பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பெரியவர் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடுகிறார், சின்னப் பசங்க ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுகிறார்கள். ரெண்டாவது இடையிசை முடிகிற இடத்தில் பயல் ஒரு சின்ன தீர்மானம் வைத்தான். மூணு தடவை அதே அடி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி, கடைசி அடி கச்சிதமாகப் பல்லவியின் முதல் எழுத்தில் விழுந்தது. ஆடுகிற பெரியவர் கால் தப்பவே இல்லை. அவருக்கு எதுவுமே தெரியாது. மொத்த மண்டபத்தில் அதைக் கவனித்தது அநேகமாக நான் ஒருத்தன்தான். என்னைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தான். கச்சேரி முடிய பதினொண்ணு ஆகும் என்றார்கள். காத்திருக்காமல் வந்துவிட்டேன். தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரிதான் ஜெனிஸிஸின் கடைசிக் கச்சேரி வீடியோவைத் தேடிப் பார்த்தேன். 2022 மார்ச் 26, லண்டன் ஓ2 அரங்கம். ஃபில் காலின்ஸால் டிரம்ஸ் வாசிக்க முடியாது, நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிறார். பின்னால் அவர் மகன் நிக் வாசிக்கிறான். கேப்ரியல் ரசிகராக வந்து கூட்டத்தில் இருந்தார். கேப்ரியல் காலத்துப் பாட்டில்தான் கச்சேரியை முடித்தார்கள். இவன் பழசு, அவன் புதுசு என்று எங்களைப் போன்ற ரசிகர்கள்தான் ஐம்பது வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறோம், அவர்கள் இல்லை.

நேத்து ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாக அவனுக்கு போன் போட்டேன். மன்னிப்பு கேட்க நினைத்து, வாயில் வந்தது வேறு. "மச்சி, டர்ன் இட் ஆன் அகெய்ன் பதிமூணுடா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: "டேய் லூசு, மூணாவது வருஷம் கேன்டீன் டேபிள்ல உனக்கு அதை எண்ணிக் காட்டினதே நான்தான்டா."

அடுத்த வாரம் முகூர்த்தம் நிறைய இருக்காம். அது முடிந்ததும் வீட்டுக்கு வருகிறேன், கீபோர்டைத் தூசி தட்டி வை என்றிருக்கிறான். அடாப்டரை எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.