டீசல் பம்ப்: பாஷ் செய்தது கண்டுபிடிப்பு அன்று

“டீசல் பம்பைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் பாஷ், 1927-இல்.” மோட்டார் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இதுதான் பதில். கேட்பவரோ, எஞ்சினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சும் அப்படியொரு பம்ப் அதற்கு முன் உலகில் இல்லை, ஒரு மேதையின் மூளையில் அது உதித்தது, உடனே டீசல் லாரி ஓடத் தொடங்கியது என்று எண்ணிக்கொள்கிறார். ஸ்டுட்கார்ட் நகரத்து பாஷ் நிறுவனத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அது உண்மையில் சாதித்ததை இந்தப் பேச்சு மறைத்துவிடுகிறது என்பதால்தான் மறுக்கிறேன்.

பம்ப் முன்பே இருந்தது. இங்கிலாந்தின் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டுவர்ட் 1890-இல் பெற்ற காப்புரிமையை வைத்து, கிரந்தம் ஊரின் ஹார்ன்ஸ்பி ஆலை 1892 முதல் எண்ணெய் எஞ்சின்களைச் செய்து விற்றது. அவற்றில் எண்ணெயை உள்ளே தள்ளியது ஒரு சிறு பம்ப்தான். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்கில் ஓட்டிக் காட்டிய எஞ்சினோ அழுத்தமூட்டிய காற்றால் எண்ணெயை ஊதி அனுப்பியது. அதற்கென்று ஒரு கம்ப்ரஸர் வேண்டும். கப்பலும் ஆலையும் அந்தப் பாரத்தைத் தாங்கும், லாரி தாங்காது. காற்றின் துணையின்றிப் பம்பின் அழுத்தத்தாலேயே பீய்ச்சும் முறைக்கு விக்கர்ஸ் கம்பெனியின் ஜேம்ஸ் மெக்கெக்னி 1910-இல் காப்புரிமை பெற்றார். 1924-க்குள் பென்ஸ், எம்.ஏ.என். இரண்டு கம்பெனிகளும் டீசல் லாரிகளைக் காட்டிவிட்டன. பாஷ் பம்பின் தொடர் உற்பத்தி தொடங்க அப்போது இன்னும் 3 ஆண்டுகள் இருந்தன.

ஒருவர் மட்டும் செய்த வேலையும் அன்று. பம்ப் செய்யலாம் என்று நிறுவனம் 1922 இறுதியில் முடிவெடுத்தபோது ராபர்ட் பாஷுக்கு வயது 61. அதுவரை அவர் கம்பெனியின் சோறு மேக்னெட்டோ, அதாவது பெட்ரோல் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் கருவி. அதன் உயரழுத்த வகையை 1902-இல் உருவாக்கியவர்கூட அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட். டீசல் எஞ்சினுக்குப் பொறியே தேவையில்லை. லாரிகள் டீசலுக்கு மாறினால் மேக்னெட்டோ வியாபாரம் விழும் என்ற கவலையும் அந்த முடிவின் பின்னால் இருந்தது. பிறகு ஆக்ரோ என்ற நிறுவனத்தின் காப்புரிமைகளை விலைக்கு வாங்கினார்கள். பீய்ச்சும் கருவிகளில் பழுத்த அனுபவம் கொண்ட ஃபிரான்ஸ் லாங்கின் அறிவும் வந்து சேர்ந்தது. 1923 தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் கையில் இருந்தன, 1925 நடுவில்தான் ஒன்று உறுதியானது.

அப்படியானால் பாஷ் செய்தது என்ன? அதைப் பார்க்க பம்பைத் திறக்க வேண்டும்.

உள்ளே சிலிண்டருக்கு ஒன்றாகப் பிளஞ்சர் என்ற தண்டும் அது ஏறியிறங்கும் பேரல் என்ற குழலும். நம் ஊர் பம்ப் மெக்கானிக்குகள் இந்த ஜோடியை எலிமென்ட் என்பார்கள். கேம் தள்ளத் தள்ள பிளஞ்சர் எப்போதும் ஒரே அளவு தூரம்தான் மேலேறும். அதன் உடலில் சாய்வாக ஒரு வெட்டு உண்டு. ரேக் என்ற பல் கொண்ட தண்டு பிளஞ்சரைச் சற்றே திருப்பினால் அந்த வெட்டு பேரலின் துளையை முன்னதாகவோ தாமதமாகவோ திறந்துவிடும். மிச்ச எண்ணெய் திரும்பிப் போய்விடும். முழுச் சுமையில்கூட ஒரு தடவை சிலிண்டருக்குள் போவது ஏறக்குறைய ஒரு சொட்டு. நிமிடத்துக்கு 2000 சுற்றுகள் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இது ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1000 முறை, பல நூறு மடங்கு காற்றழுத்தத்தில் நடக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்குக் கூடி இன்னொன்றுக்குக் குறைந்தால் எஞ்சின் புகைக்கும், உதறும்.

இத்தனை அழுத்தத்தைத் தடுக்க உள்ளே ரப்பரோ வாஷரோ கிடையாது. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடைவெளி மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. அந்த நெருக்கம்தான் அடைப்பு. இரண்டையும் தேய்த்துத் தேய்த்து ஜோடி சேர்க்கிறார்கள். “எலிமென்ட்டை ஜோடியாத்தான் மாத்தணும்” என்று மெக்கானிக் சொல்வது இதனால்தான். இப்படி ஒரு பம்பைத் திறமையான தொழிலாளி ஒருவர் முயன்று செய்துவிடலாம். ஆயிரக்கணக்கில், ஒன்றுபோல், லாரிக்காரர் கட்டுப்படியாகும் விலைக்குச் செய்வதுதான் மலை. மேக்னெட்டோ செய்து பழகிய கைகளும் எந்திரங்களும் அளவுக் கருவிகளும் பாஷிடம் இருந்தன. 1927 நவம்பரில் தொடங்கியது அந்த உற்பத்தி. அதன் பிறகு எஞ்சின் கம்பெனிகள் தங்கள் பம்பைத் தாங்களே செய்து அல்லாட வேண்டியிருக்கவில்லை. 1936-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் காரும் வந்தது.

பம்பின் கதை பாஷோடு முடிந்துவிடவும் இல்லை. அமெரிக்காவின் வெர்னான் ரூசா, எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே இடத்திலிருந்து எண்ணெயைப் பங்கிடும் சுழல் பம்பை 1952-இல் உற்பத்திக்குக் கொண்டுவந்தார். அதன் உரிமத்தைப் பெற்று இங்கிலாந்தின் சி.ஏ.வி. செய்த டி.பி.ஏ. பம்ப் மாசி பெர்குசன் போன்ற டிராக்டர்களில் உழவுக்கு வந்தது. வயலில் ஓடிய அந்தப் பம்பில் பாஷின் சாய்வு வெட்டே கிடையாது.

இந்தியாவில் பாஷின் பம்பைச் செய்ய 1951-இல் மைக்கோ நிறுவனம் பிறந்து பெங்களூர் ஆடுகோடியில் ஆலை எழுப்பியது. கண்டுபிடிப்புதான் எல்லாம் என்றால் வரைபடம் ஒன்றே போதும்; காப்புரிமைகள் எவரும் படிக்கக் கிடைப்பவை. ஆனால் மைக்கோவுக்கு ஜெர்மன் எந்திரங்கள் வேண்டியிருந்தன, தொழில் தெரிந்த கைகள் வேண்டியிருந்தன. இளைஞர்களுக்கு அந்தக் கைப்பழக்கத்தை ஊட்ட 1961-இல் பெங்களூரில் தனியாகத் தொழிற்பயிற்சி மையமே தொடங்கினார்கள்.