கரண்டி பிடிக்க ஆயிரம் கை... சாக்கு பிடிக்க?

பௌர்ணமி அன்று சாயங்காலம் வேலூர் ரோட்டில் வேங்கிக்கால் பக்கம் நின்று பார்த்தால் போதும். வருகிற பஸ் எதிலும் நிற்கக்கூட இடம் இருக்காது. அத்தனை பேரும் திருவண்ணாமலையில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கப் போகிறவர்கள். மாதா மாதம் லட்சக்கணக்கில் வருகிறார்கள். சித்ரா பௌர்ணமி, கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம்.

நடக்கிறவர்களுக்குத் தொண்டு செய்யவும் ஒரு பெரிய பட்டாளமே வருகிறது. மடத்துக்காரர்கள், வியாபாரிகள், ரசிகர் மன்றம், காலேஜ் பசங்க, ஒரு அண்டா புளிசாதத்தோடு வேனில் வந்து இறங்கும் குடும்பங்கள். பசித்தவனுக்குச் சோறு போடுவதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. வரவும் கூடாது. ஆனால் தொண்டு என்றாலே கரண்டி பிடிப்பது மட்டும்தான் என்று ஆகிவிட்டதே, அதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கிரிவலப் பாதையில் நடப்பதைப் பாருங்கள். ஒரு இடத்தில் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அடுத்த பந்தலில் "சாமி வாங்க, சாமி வாங்க" என்று லெமன் சாதத்தை நீட்டுகிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் பாவம் என்று பயந்து வாங்கி, ரெண்டு வாய் தின்றுவிட்டு ஓரமாகப் போடுகிறார் பக்தர். ஓரம் நிறைந்ததும் தொன்னை நடுரோட்டுக்கு வருகிறது. அதை மிதித்து வழுக்குவது யார்? பின்னால் வெறுங்காலோடு வரும் அறுபது வயது பாட்டி! அண்டா காலியானதும் பேனரைச் சுருட்டி, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு வேன் கிளம்பிவிடும். தொன்னை, கப், கொட்டிய சாம்பார் எல்லாம் அங்கேயே.

காமர்ஸ் படிக்கும் எந்தப் பையனுக்கும் முதல் வருடமே சொல்லிக் கொடுப்பது இது: ஒவ்வொரு பதிவுக்கும் ரெண்டு பக்கம் உண்டு. வரவு இருந்தால் எங்கேயோ பற்று இருந்தே ஆகவேண்டும். அன்னதானக் கணக்கில் புண்ணியம் முழுவதும் பேனரில் பேர் போட்டவர் பக்கம் எழுதப்படுகிறது. பற்று யார் தலையில்? மறுநாள் விடிகாலை துடைப்பத்தோடு வரும் தூய்மைப் பணியாளர் தலையில். அவருக்கு பேனரும் கிடையாது, போட்டோவும் கிடையாது. இந்தக் கணக்கு எந்த ஊரில் டேலி ஆகும்?

"அதுக்குத்தானே கார்ப்பரேஷன் இருக்கு, சம்பளம் வாங்கறாங்க இல்ல?" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆனது உண்மைதான். போர்டை மாற்றினால் துடைப்பம் தானாகப் பெருக்குமா? ஊர்க் குப்பையை அள்ளவே ஆள் வேண்டும். அதன்மேல் லட்சம் பேர் சாப்பிட்ட எச்சில் இலையைக் கொட்டிவிட்டு "சம்பளம் வாங்கறாங்க" என்று சொல்வதற்குத் தொண்டு என்று பேர் வைக்கக் கூடாது.

சட்டம் இல்லாமலும் இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தீபத் திருவிழாவுக்கு அன்னதானம் போட முன்அனுமதி வாங்க வேண்டும், போட்ட இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் நிபந்தனை போடுகிறது. அந்தக் கலெக்டர் ஆபீஸ் இருப்பதும் இதே வேங்கிக்காலில்தான். அந்த வழியாகவே அண்டாவை ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் நிபந்தனையை மட்டும் படிக்காமல் போவதுதான் வேடிக்கை.

இன்னொரு கூத்து நேரம். மாலை ஆறிலிருந்து பத்து வரை கூட்டமும் இருக்கும், கேமராவும் இருக்கும், அதனால் பெரும்பாலான தொண்டர்களும் அப்போதுதான் இருப்பார்கள். ராத்திரி மூணு மணிக்குக் கால் கொப்பளித்து, தண்ணீர் தேடி, கடைசி லிங்கமான ஈசான்ய லிங்கத்தை நோக்கித் தள்ளாடி வருகிறவருக்கு யார் இருக்கிறார்கள்?

வெளியூர்க் கதை ஒன்று. 1981-ல் ஹாங்காங்கில் கூர்க்கா சிப்பாய்கள் பயிற்சிக்காகத் தொடங்கிய டிரெயில்வாக்கர் என்ற நடை, 1986-ல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டு ஆக்ஸ்ஃபாம் நிதிக்கான நடையாக வளர்ந்தது. நாலு பேர் ஒரு அணி, 100 கிலோமீட்டர், 48 மணி நேரம். 2012-ல் பெங்களூருக்கும் வந்தது. ராத்திரியும் நடை நடப்பதால் வழியில் உள்ள சோதனைச் சாவடிகளில் தொண்டர்களும் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும். பணம் கட்டிப் பேர் கொடுத்து வருகிற கூட்டமும் கிரிவலக் கூட்டமும் ஒன்றில்லைதான். ஆனால் தொண்டரின் வேலை கடைசி ஆள் வந்து சேரும்போதுதான் முடிகிறது என்ற பாடம் எல்லா நடைக்கும் பொது.

அமிர்தசரஸ் பொற்கோயிலில் சோறு பரிமாறுவது எப்படி சேவையோ, அப்படியே எச்சில் தட்டு கழுவுவதும், வந்தவர் செருப்பைக் காப்பதும் சேவை. வசதியானவர்களும் உட்கார்ந்து தட்டு கழுவுகிறார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? அண்ணாமலையாரைப் பாடிய திருநாவுக்கரசரையே பாருங்கள். எந்தச் சிவன் கோயிலிலும் நால்வர் வரிசையில் நிற்பார். அவர் சிலையில் தோளோடு சாய்ந்திருப்பது கரண்டி அல்ல, உழவாரம். புல்லைச் செதுக்கி, கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்யும் கருவி. தேவாரம் பாடியவருக்கே குப்பை பொறுக்குவது கௌரவக் குறைச்சலாக இல்லை. பி.காம் படிக்கிறவருக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

காலேஜ்களுக்குத்தான் இதில் பெரிய பங்கு. 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். அதில் ஒரு பௌர்ணமி ராத்திரியை எடுத்துக்கொள்ளலாம். பத்து பேர் போனால் நாலு பேர் கரண்டி, நாலு பேர் சாக்கு, ரெண்டு பேர் தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும். பந்தலுக்கு ரெண்டு பக்கமும் நூறு மீட்டர் அவர்கள் பொறுப்பு. அண்டா காலியானாலும் இடம் சுத்தமாகும்வரை வேன் கிளம்பக் கூடாது. சாப்பாடு போதும் என்று தெரிந்தால் அடுத்த மாதம் அண்டாவை வீட்டில் வைத்துவிட்டு, சாக்கை மட்டும் கொண்டு வரலாம்.

கஷ்டமான வேலைதான். நாற்றம் அடிக்கும், இடுப்பு வலிக்கும், ஆர்குட் காலத்திலிருந்து இன்ஸ்டாகிராம் காலம் வரை அந்தப் போட்டோவுக்கு லைக்கும் விழாது. ஆனால் அடுத்த நாள் விடிகாலை துடைப்பத்தோடு வரும் அந்த அம்மா, பெருக்க ஒன்றும் இல்லாமல் ஒரு நிமிஷம் நின்று மலையைப் பார்க்க முடிந்தால், அந்த மாசக் கணக்கு டேலி!