போட் லிஃப்ட் வாங்கறதுக்கு முன்னாடி மோட்டாரைப் பத்தி கொஞ்சம் பேசணும்

மினசோட்டால இருக்கிற நண்பர் ஒருத்தர் போன வாரம் போன் பண்ணினார். பிரெய்னர்ட் பக்கம் ஏரிக்கரைல சின்னதா ஒரு வீடு வாங்கி மூணு வருஷம் ஆச்சு. இந்த வருஷம் 22 அடி பாண்டூன் படகும் வந்தாச்சு. "டாக்டர், போட் லிஃப்ட், அதுக்கு மேல கேனோபி எல்லாம் பாத்துட்டிருக்கேன். எது வாங்கலாம்?"

இதை ஏன் டாக்டர்கிட்ட கேக்கணும்னு தோணும். எமர்ஜென்சில வேலை பாக்கிறவனுக்கு இது பழக்கமான கேள்விதான். இழை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

தெரியாதவங்களுக்கு: போட் லிஃப்ட்ங்கிறது ஏரித் தரைல நிக்கிற ஒரு உலோகச் சட்டம். படகைத் தண்ணிக்கு மேல தூக்கி வைக்கும். அலைல படகு டாக்கோட மோதாது, அடியில பாசி பிடிக்காது. கேனோபி அதுக்கு மேல போடற துணிக்கூரை.

சில வருஷம் முன்னாடி வேற ஒரு நண்பர் வீட்டு ஏரிக்கரை. பழைய லிஃப்ட், 120 வோல்ட் மோட்டார், கராஜ்ல இருந்து புல்தரை மேல இழுத்து வந்த எக்ஸ்டென்ஷன் வயர். அப்போ என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. தண்ணிக்குள்ள இருந்து, "அப்பா, காலெல்லாம் குறுகுறுங்குது"ன்னா. மீன் கடிக்குதுன்னு சொல்லி சிரிச்சோம். டாக் ஏணியைப் பிடிக்கலாம்னு கிட்ட வந்தவ, "இங்க இன்னும் ஜாஸ்தியா இருக்குப்பா"ன்னா.

அப்பதான் எனக்கு உறைச்சது. ஏணியைத் தொடாதே, அப்படியே திரும்பி தூரமா நீந்துன்னு கத்தினேன். நண்பர் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால மிதந்துட்டு இருந்தா. அப்புறம் வந்த எலக்ட்ரீஷியன் காட்டினார்: வயரோட உறை சட்டத்துல உரசி உரசித் தேஞ்சிருக்கு, எர்த் வயரும் அறுந்திருக்கு. லிஃப்ட் முழுக்க கரன்ட்.

இதுக்கு எலக்ட்ரிக் ஷாக் ட்ரவுனிங்னு பேரு. கடலை விட ஏரில ஆபத்து அதிகம். உப்புத் தண்ணி நம்ம உடம்பை விட நல்லா மின்சாரம் கடத்தும், அதனால கரன்ட் பெரும்பாலும் உடம்பைச் சுத்திப் போயிடும். நன்னீர்ல நம்ம உடம்புதான் சுலபமான வழி. 10 மில்லி ஆம்பியர் அளவு வந்தாலே தசை நம்ம பேச்சைக் கேக்காது. ஒரு 60 வாட் குண்டு பல்பு அந்த ஊர் மின்சாரத்துல எடுக்கிறது 500 மில்லி ஆம்பியர், அதுல ஐம்பதுல ஒரு பங்கு! நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களும் கை கால் அசையாம முங்கிடுவாங்க. பிரேதப் பரிசோதனைல பெரும்பாலும் தீக்காயம்கூட இருக்காது, 'நீரில் மூழ்கி மரணம்'னு எழுதி முடிஞ்சுடும். காப்பாத்தக் குதிக்கிறவங்களும் போயிடறாங்க. குதிக்காதீங்க. முதல்ல மெயினை அணைங்க, மிதவையை வீசுங்க.

சாதாரண பிரேக்கர் இதுக்கு உதவாது. அது 15, 20 ஆம்பியர் தாண்டினாத்தான் விழும். ஜிஎஃப்சிஐ வேணும், நம்ம ஊர் ஆர்சிசிபி மாதிரி. 5 மில்லி ஆம்பியர் கசிவுலயே துண்டிச்சுடும். அமெரிக்க மின் விதிகளும் வீட்டு போட் லிஃப்ட்டுக்கு அதைக் கேக்குது. ஆனா டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாக்கிறவங்க எத்தனை பேர்?

அதனால என் கருத்து நேரடியானது. வீட்டு மின்சாரம் தண்ணி வரைக்கும் வரவே வேண்டாம். பேட்டரில ஓடற 12 அல்லது 24 வோல்ட் மோட்டார் வாங்குங்க, சார்ஜ் பண்ண கேனோபி சட்டத்துல ஒரு சோலார் தகடு போதும். சிலர் பேட்டரி மோட்டாரை வாங்கிட்டு சார்ஜரை டாக்ல பிளக் பண்றாங்க, அப்போ பழைய கதைதான். கைச்சக்கரம் சுத்தற லிஃப்ட்டும் நல்லதுதான், விலையும் கம்மி. பிரேக்கை மட்டும் வருஷா வருஷம் பாக்கணும். பாரத்தோட பின்னாடி சுழலற சக்கரத்தைக் கையால நிறுத்தப் பாத்தா முன்கை எலும்பு உடையும்.

எடை விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். விளம்பரத்துல போட்டிருக்கிறது பெரும்பாலும் வெறும் படகோட எடை. இன்ஜின், பேட்டரி, நங்கூரம், ஐஸ்பெட்டி எல்லாம் தனி. 100 லிட்டர் பெட்ரோலே 70 கிலோவுக்கு மேல. பழைய லிஃப்ட் வாங்கி வேற ஏரில இறக்கறதா இருந்தா மினசோட்டா சட்டப்படி குறைஞ்சது 21 நாள் தண்ணிக்கு வெளில வெச்சிருக்கணும். ஜீப்ரா மஸல்னு ஒரு சிப்பி ஒட்டிக்கிட்டு வந்துடும்.

கேனோபிக்கு வருவோம். படகைக் காப்பாத்தத்தான் எல்லாரும் வாங்கறாங்க, எனக்கு அதோட நிழல்தான் முக்கியம். சீட்டுல சூடு ஏறாது, குழந்தைங்க லைஃப் ஜாக்கெட் மாட்டற நேரம் வெயில்ல நிக்க வேண்டாம். சாயங்கால வெயில் சாஞ்சு வரும், அதனால மேற்குப் பக்கம் துணி கொஞ்சம் கீழ இறங்கி இருக்கட்டும். நாலு பக்கமும் திரை போட்டு மூடினா உள்ள இன்ஜினை ஓட விடாதீங்க. கார்பன் மோனாக்ஸைடு வாசனை காட்டாது, தலைவலின்னுதான் ஆரம்பிக்கும். படகு இல்லாத லிஃப்ட்ல கேனோபி இருந்தா புயல் காத்துக்கு அது பாய்மரம், லிஃப்ட்டையே சாய்ச்சுடும். பனி விழறதுக்கு முன்னாடி துணியைக் கழட்டணும், ஏரி உறையறதுக்கு முன்னாடி லிஃப்ட்டையும் கரைக்கு ஏத்தணும். இல்லைன்னா பனிக்கட்டி சட்டத்தை நெளிச்சுடும்.

நண்பர் நேத்து மெசேஜ் அனுப்பினார். 24 வோல்ட், சோலார், ஆர்டர் போட்டாச்சாம். கேனோபி கலர்தான் இன்னும் முடிவாகலை. அவர் பச்சைங்கிறார், அவங்க வீட்ல நீலம்ங்கிறாங்க. அதுல நான் தலையிடறதா இல்லை.